கட்டிலின் வலப்பக்கம்

ஆமத்தூர் விலக்கில், விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டின் மேலேயே ஒரு சின்னத் தரும ஆஸ்பத்திரி இருந்தது. இருபது கட்டில், ஒரு டாக்டர், இரண்டு நர்சுகள். 1961ஆம் வருஷம் சித்திரை மாதம் அந்த ஆஸ்பத்திரிக்குக் கோட்டைச்சாமி ஒரு கட்டடம் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். புற்றுநோய்க்காரர்களுக்கென்று தனியாக ஒரு வார்டு. அவருடைய மனைவி வெள்ளைத்தாய் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கன்னத்தில் புற்று வந்து இறந்திருந்தாள்.

கோட்டைச்சாமிக்கு வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் ஊர். கரிசல் நிலம் நிறைய உண்டு. பருத்தியும் கம்பும் போடுவார். பிள்ளைகள் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிவிட்ட, அதிகம் பேசாத மனுஷர். மனைவி பேரில் கோயிலுக்கு ஏதாவது செய்யலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டர் கனகசபாபதியிடம், "இந்த நோவு வந்தவுகளுக்கு ஒரு எடம் வேணும்ல டாக்டரையா" என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. ஒரு மாதத்தில் விருதுநகர் இன்ஜினீயர் ஒருவரிடம் சொல்லி வரைபடமும் வாங்கி வந்துவிட்டார்.

டாக்டர் அதை மேஜைமேல் விரித்து நாலு முனையிலும் மருந்துப் புட்டிகளை வைத்தார். நீளமான ஒரே கூடம். ஆறு கட்டில்கள். சுவரில் ஆள் உயரத்துக்கு மேலேதான் காற்றுத் துவாரங்கள், ஜன்னல் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பம்புசெட்டையும் தாண்டி, கடைசி மூலையில் இடம் குறித்திருந்தது.

"ஏன் இவ்வளவு தள்ளி?" என்று டாக்டர் கேட்டார்.

"நாலு பேரு பாக்கக் கூடாது டாக்டரையா. பாக்கிறத அவுகளும் விரும்ப மாட்டாக. எம் பொஞ்சாதி கடைசி வரைக்கும் மொகத்த மூடிக்கிட்டுத்தேன் கெடந்தா. நான் போனாக்கூட மூடிக்கிருவா."

டாக்டர் காற்றுத் துவாரங்கள் குறித்திருந்த இடத்தில் விரலை வைத்தார். "அஸ்திவாரம் தோண்டுறதுக்கு முன்னால குருவம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருவோமா?" என்றார்.

கோட்டைச்சாமிக்கு அது பிடிக்கவில்லை. "அவள என்னத்தக் கேக்க? படம் பாக்கத் தெரியுமா அவளுக்கு?"

"படம் தெரியாது. நோயாளி எப்படிக் கிடப்பாங்கன்னு தெரியும். நான் உங்க வீட்டுக்கு வாரத்துக்கு ஒருதரம் வந்து கட்டு மாத்திட்டுப் போனவன். அவ பதினோரு மாசம் கூடவே இருந்தவ."

கோட்டைச்சாமி படத்தைச் சுருட்டிக் கட்டினார்.

வெள்ளைத்தாய்க்கு முதலில் இடது கன்னத்தின் உட்பக்கம் ஒரு சின்னப் புண்தான் வந்தது. சின்ன வயதிலிருந்தே வெற்றிலையோடு புகையிலையை அந்தப் பக்கம்தான் ஒதுக்கி வைப்பாள். காரம் பட்டால் எரிகிறது என்றாள், தேன் தடவினார்கள். ஆறு மாதம் கழித்து மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்க் கரண்டு வைத்தார்கள்; கதிர்வீச்சுக்கு ஊரில் அப்படிப் பேர். புண் ஆறின மாதிரிதான் இருந்தது. மறு வருஷம் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டின் பின்கட்டில் பருத்தி மூட்டைகள் அடுக்கும் அறையில் அவளுக்குக் கட்டில் போட்டார்கள். புண்ணிலிருந்து வாடை வந்தது. ஒட்டுவாரொட்டி என்று யாரோ கிளப்பிவிட, வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். சமைக்க வந்த அம்மாள் நின்றுவிட்டாள். கோட்டைச்சாமியின் அக்கா செல்லத்தாய் விதவை. அந்த வீட்டு நிர்வாகம் அவள் கையில்தான். அவள்கூட கஞ்சியைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அப்போதுதான் குருவம்மாளைக் கூட்டிவந்தார்கள். அவள் தகப்பனும் பாட்டனும் கோட்டைச்சாமியின் காட்டில் கூலிக்கு உழைத்தவர்கள். தீப்பெட்டித் தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்பார்கள்; அவள் சிவகாசியில் அப்படி ஒரு ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி ஒரு பட்டாசு ஷெட்டில் வெந்துபோய், நாற்பது நாள் கிடந்து செத்தான். அவனுக்குப் புண் கழுவிய பிறகு அவளுக்கு எந்த வாடையும் வாடையாகத் தெரியவில்லை. அதுவரை அந்த வீட்டுக் கொல்லையைத் தாண்டி உள்ளே கால் வைத்தறியாதவள், ஒரே நாளில் அந்த வீட்டு அம்மாவின் தலையை மடியில் தூக்கி வைத்துக் கஞ்சி புகட்டினாள். அதைப் பார்த்தும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நோவுக்குப் பயந்தவர்களுக்குத் தீட்டைப் பற்றி யோசிக்க நேரமிருக்கவில்லை.

வெள்ளைத்தாய் இறந்த பிறகு டாக்டர் குருவம்மாளை ஆஸ்பத்திரிக்கே ஆயாவாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கொத்தனார் சங்கிலிமுத்து இடத்துக்கு வந்து, முளைக்குச்சி அடித்து நூல் பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் கட்டடத்தைத் தரையில் வரைந்தான். சுவர் இங்கே, கதவு இங்கே, கட்டில்கள் இங்கே. டாக்டர் குருவம்மாளைக் கூப்பிட்டுவிட்டார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கோட்டைச்சாமியைப் பார்த்ததும் நாலடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"இதுதாம்மா புது வார்டு. வெள்ளைக் கோடெல்லாம் சுவரு. பாத்துட்டு உனக்குத் தோணுறதைச் சொல்லு" என்றார் டாக்டர்.

குருவம்மாள் கோட்டுக்கு வெளியிலேயே ஒரு சுற்று நடந்தாள். பிறகு உள்ளே வந்தாள். சங்கிலிமுத்து கட்டில் என்று காட்டிய இடத்தில், யாரும் எதிர்பாராதபடி, அப்படியே புழுதியில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

"ஏக்கா, என்ன செய்யுத!" என்று சங்கிலிமுத்து சிரித்தான்.

"கொத்தனாரே, இந்தச் சுவரு எம்புட்டு ஒசரம் வரும்?"

"ஆளு ஒசரத்துக்குக் கெட்டிச் சுவருக்கா. அதுக்கு மேலதேன் தொவாரம்."

"அப்ப இங்கன கெடக்கவுகளுக்குச் சுவரு மட்டுந்தேன் தெரியும். காத்து மேலோட போயிரும்." அவள் எழுந்து உட்கார்ந்தாள். "டாக்டரையா, படுத்தா கண்ணு எங்க இருக்கோ அங்க ஜன்னல் வேணும். மாடு போறது, பஸ்ஸு போறது, எதாச்சும் தெரியணும். சுவரயே பாத்துக்கிட்டுக் கெடந்தா நோவு பெருசாயிரும்."

டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்துக் குறித்துக்கொண்டார். அவர் எழுதுவதைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"கூட இருக்கவுக எங்கன இருப்பாக?"

"சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் வந்து பாத்துட்டுப் போகலாம். மத்த வார்டுல அப்படித்தானே?"

"மத்த வார்டுல நர்சம்மா மருந்து குடுத்தாப் போதும். இங்க அப்படி இல்லையே. கஞ்சிய வடிகட்டிப் பாலாடையில ஊத்தி ஊத்தி ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆவும். எச்சி தொடச்சுக்கிட்டே இருக்கணும். வீட்டாளு பக்கத்துல இருந்தாத்தேன் நடக்கும்." அவள் தரையில் கையால் காட்டினாள். "இங்கன ஒரு திண்டு கட்டிருங்க. கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

"ஸ்டூல் போட்டாப் போதாதா?"

"ஸ்டூல ஆராச்சும் எடுத்துக்கிட்டுப் போயிருவாக. உக்கார எடமில்லேன்னா வந்தவுக வாசல்லயே நின்னுட்டுப் போயிருவாக ஐயா."

கோட்டைச்சாமி சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி வந்து நின்றார். இப்போது, "ரெண்டு பக்கம் எதுக்கு?" என்று கேட்டார்.

குருவம்மாள் டாக்டரைப் பார்த்தாள்.

"உன்னத்தேன் கேக்கேன். சொல்லு."

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பக்கம் புண்ணு இருக்கும் ஐயா. புண்ணு இல்லாத பக்கம் வந்து உக்காந்தா நோயாளிக்குக் கூச்சம் இருக்காது. மொகம் பாத்துப் பேசலாம்." குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நம்ம அம்மாவுக்கு எடக் கன்னம். வாசலும் எடப்பக்கம். நீங்க வந்து நின்னா புண்ணு மட்டுந்தேன் உங்களுக்குத் தெரியும். அதேன் அம்மா மூடிக்கிட்டாக."

"என்ன சொல்லுத நீ? என்னப் பாக்கப் பிடிக்காமத்தேன் மூடுனா. நான் தெனம் போனேன். ஒரு நாளாச்சும் தொறந்தாளா?"

"பிடிக்காம இல்லைய்யா. காலையில உங்க செருப்புச் சத்தம் முத்தத்துல கேட்டதும், சேலைய எடுத்துக் குடுன்னு கையக் காட்டுவாக. நீங்க போனப் பொறவு ரொம்ப நேரம் அளுவாக. நீங்க அருவருப்புப்பட்டு வெளியவே நிக்கிறதா அவுக நெனச்சாக. அவுக வேண்டாங்கிறதா நீங்க நெனச்சீக போலிருக்கு."

கோட்டைச்சாமியின் முகம் கறுத்தது. "இம்புட்டுத் தெரிஞ்சவ, அன்னைக்கு ஏன் வாயத் தொறக்கல? கட்டில மாத்திப் போடுறதுக்கென்ன?"

"மாத்திப் போட்டா வடக்க தலை வந்துரும். வலப்பக்கம் பூராம் பருத்தி மூட்டையா இருந்துச்சே. மூட்டைய எடுத்துட்டா அங்கிட்டு ஒரு ஆளு உக்காரலாம்னு உங்க அக்காகிட்ட ஒருக்காச் சொன்னேன். உனக்கெதுக்கு அந்தப் பேச்சுன்னுட்டாக. அந்த வீட்டுல அது எங்கன இருக்கணும், இது எங்கன இருக்கணும்னு சொல்ல நான் ஆருய்யா?"

கோட்டைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்க்க நடந்துவிட்டார். டாக்டர் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

"நான் பேசியிருக்கக் கூடாது டாக்டரையா" என்றாள் குருவம்மாள். அவளுடைய அண்ணன் குடும்பம் இன்னும் அந்த ஊரில், அவருடைய புஞ்சைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

சங்கிலிமுத்து நூலைச் சுருட்டி வைத்தான். அன்றைக்கு வேலை நடக்கவில்லை.

கோட்டைச்சாமி வீட்டுக்குப் போனபோது செல்லத்தாய் முற்றத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சாப்பாடு வேண்டாம் என்றார். பின்கட்டு அறையின் கதவைத் திறந்து பார்த்தார். கட்டிலைக் காரியத்தன்றே எரித்தாயிற்று. சுவரோரம் இந்த வருஷத்துப் பருத்தி மூட்டைகள் மோட்டுவளைவரை நின்றன.

"அக்கா, அவ இருக்கும்போது இந்த மூட்டைய எடுக்கச் சொல்லிக் குருவம்மா கேட்டாளா?"

செல்லத்தாய் சுளகை நிறுத்தினாள். "கேட்டாதேன். எந்தக் காலத்துலயோ கேட்டா. இப்ப எதுக்கு அது?"

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? முப்பது மூட்டைய எங்கன கொண்டு போயிப் போடுறது? அவ சொல்லி நாம எடுக்கிறதான்னும் இருந்துச்சு." அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். குரல் மாறியது. "வெல ஏறட்டும், அதுவரைக்கும் அந்த ரூம்புல அடுக்கி வையின்னு சொன்னது நீதானப்பா. நீ சொன்னதுக்கு மேல நான் எப்படி எடுக்க?"

சொன்னது அவர்தான். எந்த நாளில் சொன்னார் என்பதுகூட ஞாபகம் வந்தது. வெள்ளைத்தாயை மெட்ராஸிலிருந்து கூட்டிவந்த மறுநாள். கட்டில் போட இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இருந்தது. ஒரு கட்டிலுக்கு இடம் இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பதினோரு மாதம் தினம் காலையில் வாசலில் நின்று, "என்ன சாப்பிட்டா?" என்று குருவம்மாளிடம் கேட்டுவிட்டு வயலுக்குப் போனார். தன்னால் முடிந்ததைச் செய்தோம் என்றுதான் இரண்டு வருஷமாக நினைத்திருந்தார். மனைவிதான் தன்னை ஒதுக்கிவிட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு சின்னக் கோபமும் வைத்திருந்தார். அந்தக் கோபம் இப்போது பிடிமானம் இல்லாமல் போனது.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். குருவம்மாள் அவரைக் கண்டதும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள்.

"நில்லு" என்றார். அவள் நின்றாள். "உங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆயிராது. பயப்படாத." பிறகு டாக்டரிடம், "அவ சொல்லுத மாதிரியே கட்டிருங்க. பின்னால வேண்டாம். ரோட்டுப் பக்கம் இருக்க எடத்துல போடுங்க" என்றார்.

இன்ஜினீயருக்கு மனத்தாங்கல். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் திண்டு கட்டினால் ஆறு கட்டில் போட முடியாது, ஐந்துதான் போடலாம் என்றார். டாக்டருக்கும் அது உறுத்தியது. ஒரு கட்டில் குறைந்தால் ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு என்ன சொல்வது என்று குருவம்மாளைக் கேட்டார். "அதுக்கு எனக்கு வளி தெரியலை டாக்டரையா" என்றாள். யாருக்கும்தான் தெரியவில்லை. ஐந்து கட்டில் என்றே முடிவாயிற்று.

சங்கிலிமுத்து அதுவரை கட்டியதெல்லாம் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஷெட்டுகள். நாலு பக்கமும் கதவு வைத்து, தீப்பிடித்தால் எந்தப் பக்கமும் ஓடிவிடும்படி கட்டிப் பழகியவன். படுத்துக்கிடப்பவர்களுக்குக் கட்டுவது அவனுக்குப் புதுசு. ஒவ்வொரு ஜன்னல் வைப்பதற்கு முன்னாலும் குருவம்மாளைக் கூப்பிட்டுப் படுக்கச் சொல்வான். அவள் படுத்துக்கொண்டு, "இன்னும் ஒரு கல்லு எறக்கு" என்பாள். புதுச்சேலை கட்டியிருந்த ஒரு நாள் மட்டும் படுக்க மாட்டேன் என்றுவிட்டாள்; அவனே படுத்துப் பார்த்தான்.

கடைசியில் அவள் இன்னொன்றும் கேட்டாள். வார்டுக்குத் தெற்கே வெயில் விழுகிற மாதிரி ஒரு முற்றமும், சமைக்க இரண்டு அடுப்புப் போட்ட ஒரு தாழ்வாரமும் வேண்டும்.

"அடுப்பு சரி. முற்றம் எதுக்கு?" என்றார் டாக்டர்.

"பெட்டி காயப் போட."

"என்ன பெட்டி?"

"தீப்பெட்டிதேன். இங்க வரப்போறது யாரு? தாயில்பட்டிக்காரரும் சிவகாசிக்காரரும். கூட வந்து உக்காந்தா அன்னைக்குக் கூலி போச்சு. பத்து நாளு பாப்பாக, பொறவு நோயாளிய விட்டுட்டு வேலைக்குப் போயிருவாக. அவுக மேல தப்புச் சொல்ல முடியுமா? ஆபீசுல சீவின மரச்சீட்டு வாங்கியாந்தா இங்கன இருந்தே அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டலாம். வெயில் இருந்தா வெரசாக் காயும்."

ஆஸ்பத்திரியில் பசைச் சட்டியா என்று நர்சுகள் முகம் சுளித்தார்கள். டாக்டர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு சங்கிலிமுத்துவிடம் முற்றத்துக்குத் தளக்கல் பதிக்கச் சொன்னார்.

மறு வருஷம் ஆவணியில் வார்டு திறந்தது. எல்லாம் நினைத்தபடி நடந்துவிடவில்லை. தாழ்ந்த ஜன்னல் வழியாக ஆடுகள் தலையை நீட்டின. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியவர் ஜன்னலை அடைத்தே வைக்க வேண்டும் என்று அடம் பிடித்தார். குருவம்மாள் பழைய வேட்டிகளைக் கிழித்துப் பாதி உயரத்துக்குத் திரை தைத்தாள்; வேண்டியவர்கள் விலக்கிக்கொள்ளட்டும் என்றாள். மார்கழியில் ஆறாவதாக ஒருவர் வந்தபோது அவரைத் தாழ்வாரத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. கோட்டைச்சாமி அதைக் கேள்விப்பட்டு இன்னும் இரண்டு கட்டிலுக்குச் செங்கல் இறக்கினார். ஆனால் அந்த வேலை முடிய இன்னும் மூன்று வருஷம் ஆனது.

இரண்டாம் கட்டிலில் கருப்பம்மாள் இருந்தாள். தாயில்பட்டிக்காரி, நாற்பது வயதிருக்கும். அவளுக்கு நாக்கின் ஓரத்தில் வந்து தாடைக்கு இறங்கியிருந்தது. புருஷன் சீனிச்சாமி பட்டாசு ஆபீசில் வேலை பார்த்தவன். இப்போது அவளுக்குப் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். முதலில் அவனுக்குக் கை வரவில்லை. பெண்கள் செய்கிற வேலை. கருப்பம்மாள் படுத்தபடியே பார்த்து, "அம்புட்டுப் பசையா தடவுவாக?" என்று குழறிக் குழறித் திட்டுவாள். ஒரு மாதத்தில் அவன் அவளைவிட வேகமாக ஒட்டினான். அதற்கும் திட்டினாள். செவ்வாய்க்கிழமைதோறும் ஒட்டின பெட்டிகளைச் சாக்கில் கட்டிச் சிவகாசிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அடுத்த லோடுக்குச் சீட்டு வாங்கி வருவான்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, தை மாதம், செங்கல் விஷயமாக வந்த கோட்டைச்சாமி வார்டு வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதுவரை உள்ளே போனதில்லை. குருவம்மாள் ஒரு கையில் பாலாடையும் ஒரு கையில் துணியுமாக ஐந்தாம் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஐயா, சீனிச்சாமி ஆபீசுக்குப் போயிருக்காரு. அந்தக்கா தனியாக் கெடக்கு. செத்த அங்கன உக்காருறீகளா? எச்சி வந்தா அந்தத் துணிய எடுத்துக் குடுத்தாப் போதும்."

அவள் கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரியாயிற்று. கோட்டைச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கருப்பம்மாளுக்கு வலப்பக்கம்தான் நோவு. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கத்துத் திண்டில் உட்கார்ந்தார்.

கருப்பம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள். "படுத்துக்கோம்மா" என்றார். ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"ஐயாவுக்கு... எந்த ஊரு?"

சொன்னார்.

"ஆத்துல... தண்ணி ஓடுதா?"

"மார்களி வரைக்கும் ஓடுச்சு. இப்ப ஊத்துத் தோண்டுனாத்தேன்."

"பருத்தி?"

"காய்ப்புழு விளுந்துருச்சு. பாதிதேன் தேறும்."

அவள் புழுவுக்குத் தன் ஊரில் என்ன செய்வார்கள் என்று சொன்னாள். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாததைத் திரும்பக் கேட்டார். அவளும் அலுக்காமல் திரும்பச் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை துணியை எடுத்துக் கொடுத்தார். சீனிச்சாமி சீட்டுக் கட்டோடு திரும்பி வந்தபோது மணி மூன்றாகியிருந்தது. பெரிய வீட்டு ஆள் தன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவன் விதிர்விதிர்த்துப் போனான். அவர் எழுந்தார். "ஐயா இருங்க, இருங்க" என்று அவன் பதறினான். "இல்லப்பா, நீ உக்காரு" என்றார். இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"ஆராச்சும்... உக்காருங்க" என்றாள் கருப்பம்மாள். "அண்ணாந்து பாத்து... களுத்து வலிக்கி."

ஐந்தாம் கட்டில் பக்கம் குருவம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றாள்.

அதன் பிறகு கோட்டைச்சாமி பெரும்பாலான செவ்வாய்க்கிழமைகளில் வந்தார். வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை; வந்து உட்காருவார், சீனிச்சாமி வந்ததும் போய்விடுவார். அவருடைய ஊரில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. செல்லத்தாய் ஒருமுறை ஜாடையாகக் கேட்டாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி எழுந்து போனார்.

பங்குனி கடைசியில் அவர் வந்தபோது இரண்டாம் கட்டில் காலியாக, கழுவி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. குருவம்மாள் திண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிளமை வீட்டுக்குக் கொண்டு போனாக ஐயா. வீட்டுல போயிக் கெடக்கணும்னு அதுவே கேட்டுச்சு. ஞாயித்துக்கிளமை விடிய முடிஞ்சிருச்சாம். சீனிச்சாமி நேத்து வந்து சொல்லிட்டுப் போனாரு. கடைசியா அவரப் பாத்து, பசை காஞ்சிரப் போவுது, மூடி வையின்னுச்சாம்."

கோட்டைச்சாமி ஜன்னல் பக்கம் போய் நின்றார். முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: "வெள்ளைத்தாயி... கடைசியில எதாச்சும் சொன்னாளா?"

குருவம்மாள் தேய்ப்பதை நிறுத்தினாள். அவருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். சரி பார்க்க வேறு யாரும் இல்லை.

"இல்லைய்யா. கடைசி ரெண்டு மாசம் பேச்சே இல்லையே. உங்களச் சொன்னாக, இதச் சொன்னாகன்னு நான் எதையாச்சும் சொல்லிறலாம். அது பொய்யாப் போயிரும்."

அவர் தலையை ஆட்டினார்.

"வலி இருந்துச்சா ரொம்ப?"

"இருந்துச்சு. டாக்டரையா குடுத்த மருந்துல பொளுது சாய ஒரு ரெண்டு மணி நேரம் அடங்கும். அந்நேரம் தலைய எம் மடியில வச்சுச் சீவி விடுவேன். சிக்கு எடுக்கும்போது கண்ண மூடிக்கிருவாக. அது அவுகளுக்குப் பிடிச்சுச்சு. போதும்னு நிறுத்துனா, இன்னும் சீவுன்னு கையப் பிடிச்சு இளுப்பாக."

"எனக்கு அது தெரியாது" என்றார் கோட்டைச்சாமி.

"ஆமா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"முடி நெறைய இருக்கும் அவளுக்கு."

"கடைசி வரைக்கும் இருந்துச்சு ஐயா. ரெண்டு கையாலயும் சேத்துத்தேன் பிடிக்கணும்."

அவர் இரண்டாம் கட்டிலின் திண்டில் உட்கார்ந்தார். ஈரமாக இருக்கிறது என்று அவள் சொல்ல வாயெடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.